புழல் கேட்டில் நீங்கள் அவருக்கு யார்?

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவரும் அவருடைய துணையும் ஆண்கள், ஒரே வீட்டில் வாழ்கிறார்கள், அக்கம்பக்கத்தில் 'ரூம்மேட்' என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். துணை ஒரு அடிதடி கேஸில் ரிமாண்ட் ஆகிப் புழல் சிறையில் இருக்கிறார். மனு (சிறையில் கைதியைச் சந்திப்பது) பார்க்கப் போனால் என்ன உறவு என்று எழுதுவது, உள்ளே விஷயம் தெரிந்தால் தனியாகக் கேஸ் போடுவார்களா, யாராவது அவர் மேல் கை வைத்தால் எங்கே போவது, எந்தக் கட்சியாவது இதில் உருப்படியாக எதுவும் செய்ததா என்பதெல்லாம் கேள்வி. கூடவே, 'ஜெயிலுக்குப் போனால் எல்லாரும் அப்படித்தான் ஆகிவிடுவார்கள்' என்று நண்பர்கள் கிண்டல் செய்ததாகவும் எழுதியிருக்கிறார். நான் ஜார்ஜ் டவுன் கோர்ட்டில் கிரிமினல் பக்கம் வேலை பார்ப்பவன். தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

முதலில் பயத்தைக் குறைக்கிற விஷயம். ஆணும் ஆணும் சேர்ந்து வாழ்கிறீர்கள் என்பதற்காக உங்கள் மீதோ அவர் மீதோ யாரும் வழக்குப் போட முடியாது. வயதுவந்த இருவர் மனமொத்துத் தனிமையில் இருப்பது குற்றமில்லை என்று 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டமே போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது, இதைக் குற்றமாக்கி வைத்திருந்த பழைய 377-ஆவது பிரிவுக்குப் பதிலாக அதில் ஒரு பிரிவும் இல்லை. அதனால் ஸ்டேஷனில் யாராவது 'செல்போனில் போட்டோ பார்த்தோம், 377 போடட்டுமா' என்று கேட்டால் அது பணத்துக்கான பேச்சு, அவ்வளவுதான். இருக்கிற செக்‌ஷனை வைத்தும் மிரட்டுவார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். ராத்திரியில் இரண்டு பேர் ஒதுக்குப்புறமாக நின்றால் போட சிட்டி போலீஸ் சட்டத்தின் 75-ஆவது பிரிவு எப்போதும் தயாராக இருக்கும். ஆனால் 2021 ஜூன் 7-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் கொடுத்த உத்தரவு உங்கள் பக்கம் நிற்கிறது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து சேர்ந்து வாழ்ந்த இரண்டு பெண்களைத் தேடிப் போலீஸ் தொல்லை கொடுத்த வழக்கு அது. அந்த வழக்கில் தனக்கே இந்த விஷயம் புரிய வேண்டும் என்று மனநல ஆலோசகரிடம் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வந்து தீர்ப்பு எழுதினார் அவர், அப்படி ஒரு நீதிபதியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அதன் தொடர்ச்சியாக 2022-இல் தமிழ்நாடு காவல்துறை நடத்தை விதிகளில் 24-சி என்று புதிதாக ஒன்று சேர்த்தார்கள். உங்களைப் போன்றவர்களையோ, உங்களுக்காக வேலை செய்கிறவர்களையோ போலீஸ்காரர் தொல்லை செய்தால் அது நடத்தை விதி மீறல். ஸ்டேஷனில் இந்த எண்ணைச் சொன்னாலே பேச்சின் சத்தம் குறையும்.

இப்போது மனு. தம்பி, 'நண்பர்' என்று எழுதுங்கள், தயங்க வேண்டாம். நண்பர் என்று போட்டால் விடமாட்டார்கள் என்பது கேட்டுக்கு வெளியே டீக்கடையில் சொல்லப்படுகிற சட்டம். 1894-ஆம் ஆண்டு சிறைச் சட்டத்தின் 40-ஆவது பிரிவு என்ன சொல்கிறது என்றால், தண்டனை ஆகாத கைதி யாரைப் பார்க்க விரும்புகிறாரோ அவர்களை உரிய நேரத்தில் அனுமதிக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. விருப்பம் கைதியுடையது. அதனால் உள்ளே இருப்பவர் உங்கள் பெயரைத் தன் பார்வையாளர் பட்டியலில் சொல்லியிருக்க வேண்டும், அதை வக்கீல் மூலமாகச் சொல்லி அனுப்புங்கள். உங்கள் ஆதாரில் அதே முகவரி இருந்தால் இன்னும் வசதி. இதற்கு மேலே ஒரு பலமும் வந்திருக்கிறது. 2024 ஜூலையில் மத்திய உள்துறை அமைச்சகம் எல்லா மாநிலங்களுக்கும் எழுதிய கடிதத்தில், பால்புதுமையரான, அதாவது உங்கள் துணையைப் போன்ற, கைதிகளுக்கும் மற்றவர்களைப் போலவே பார்வையாளரைச் சந்திக்கும் உரிமை உண்டு, அதில் பாகுபாடு காட்டக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். சிறை என்பது மாநிலப் பட்டியலில் இருக்கிற விஷயம், அதனால் இந்தக் கடிதம் ஆலோசனைதான், கட்டளை இல்லை. இருந்தாலும் அதன் பிரதியை ஒரு பைலில் வைத்துக்கொண்டு போங்கள். கேட்டில் இருக்கும் வார்டருக்கு அது தெரிந்திருக்காது, மேலே இருக்கும் ஜெயிலருக்குக் காட்டலாம்.

கைதாகும் நேரத்திலும் சட்டம் தாராளமாகத்தான் இருக்கிறது. கைது செய்ததை யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றால், உறவினர், நண்பர் அல்லது கைதானவர் குறிப்பிடும் வேறு நபர் யாருக்கு வேண்டுமானாலும் தெரிவிக்கலாம். கைது நடைமுறை பற்றிய டி.கே. பாசு வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் கிட்டத்தட்ட அதேதான்.

சிக்கல் அதற்குப் பிறகு ஆரம்பிக்கிறது. ஜாமீன் உத்தரவைப் பாருங்கள். இரண்டு ஜாமீன்தாரர், அதில் ஒருவர் ரத்த சொந்தமாக இருக்க வேண்டும் என்று ஒரு வரி நம்ம ஊர் உத்தரவுகளில் அடிக்கடி வரும். குடும்பம் கைகழுவிவிட்ட ஒருவருக்கு அந்த ஒரு வரி பூட்டு மாதிரி. பெற்ற அப்பா 'அவன் செத்துட்டான்னு நெனச்சுக்கிறோம்' என்று சொல்லிவிட்டால் ஜாமீன் கிடைத்தும் உள்ளேயே கிடக்க வேண்டியதுதான். இந்த நிபந்தனையை மாற்றக் கேட்டு மனு போடலாம், பல நேரம் மாற்றித் தருவார்கள். காரணத்தை முழுக்க விளக்க வேண்டியதில்லை, 'குடும்பத்தாருடன் தொடர்பில் இல்லை' என்பதே போதும். இதை ஜாமீன் மனு வாதாடும்போதே வக்கீல் வாய்விட்டுச் சொல்லிவிட்டால் பின்னால் ஒரு வாரம் மிச்சம்.

தண்டனைக் கைதி என்றால் இன்னும் மோசம். அவசர விடுப்பு யாருடைய மரணத்துக்கு, யாருடைய நோய்க்குக் கிடைக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டில் 1982-ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன: அப்பா, அம்மா, மனைவி, கணவர், பிள்ளைகள், உடன்பிறந்தவர். கூட வாழ்ந்தவர் செத்துப்போனால் முகம் பார்க்க விட வேண்டும் என்ற வழி அந்தப் பட்டியலில் இல்லை. இதனால்தான் 2023 அக்டோபர் 17-ஆம் தேதி தன்பாலினத் திருமண வழக்கில் உச்ச நீதிமன்றம் 'இது பாராளுமன்றத்தின் வேலை' என்று ஒதுங்கியது எனக்கு வெறும் மாலை, தாலி சமாச்சாரமாகத் தெரியவில்லை. கல்யாணம் வேண்டுமா வேண்டாமா என்று டிவியில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஜெயில் கேட்டில் வரிசையில் நின்றதில்லை. அந்தத் தீர்ப்புக்கு ஒரு மாதம் கழித்து, இரண்டு பேர் சேர்ந்து வாழ்கிறோம் என்று ஒரு பத்திரம் பதிவு செய்துகொள்ள ஏற்பாடு செய்யலாமே என்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் மாநில அரசிடம் யோசனை சொன்னார். 2025 மே மாதத்தில் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், லட்சுமிநாராயணன் இருவரும், கல்யாணம் மட்டுமே குடும்பத்துக்கு வழியில்லை, தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்று ஒரு ஆட்கொணர்வு வழக்கில் சொன்னார்கள். பெற்றோர் பிடித்து வைத்திருந்த ஒரு பெண்ணை அவருடைய பெண் துணைக்காக விடுவித்த வழக்கு. நாளைக்கு நீங்கள் ஏதாவது மனு போட வேண்டி வந்தால் உங்கள் வக்கீல் முதலில் எடுத்து வைக்க வேண்டிய தீர்ப்பு இதுதான்.

சரி, உங்கள் நண்பர்களின் கிண்டலுக்கு வருகிறேன், ஏனென்றால் அரசாங்கமும் ரொம்ப காலம் அதே கிண்டலைத்தான் கொள்கையாக வைத்திருந்தது. சிறைக்குள் மூன்று வெவ்வேறு விஷயங்கள் நடக்கின்றன. தன் இயல்பே அப்படி இருக்கிறவர் இன்னொருவரோடு மனமொத்து இருப்பது ஒன்று. வெளியே பெண்டாட்டி பிள்ளை உள்ளவர் வருடக்கணக்கில் உள்ளே கிடந்து தனிமையில் இன்னொரு ஆணிடம் போவது இன்னொன்று, வெளியே வந்ததும் அவர் பழையபடி வீட்டுக்குப் போய்விடுவார். மூன்றாவது, பலமுள்ளவன் பலமில்லாதவனை ஒடுக்குவது. அதில் ஆசைக்கு வேலையே இல்லை, அது ரவுடித்தனம். அடிப்பதும் கேண்டீன் காசைப் பிடுங்குவதும் எந்த வகையோ அதே வகை. இந்த மூன்றுக்கும் ஒரே பெயர் வைத்து 'ஹோமோ கேஸ்' என்று சொன்னதால் நடந்தது என்ன? மனமொத்தவன் குற்றவாளி ஆனான், பலவந்தப்படுத்தப்பட்டவன் பங்காளி ஆனான். 1860-இல் வெள்ளைக்காரன் எழுதிய 377 அப்படித்தான் இருந்தது, சம்மதம் இருந்ததா இல்லையா என்பதை அது கேட்கவே இல்லை. அடி வாங்கியவன் புகார் சொல்லப் போனால் 'நீயும்தானே' என்று அவன் மீதே திருப்ப முடியும். எவன் வாய் திறப்பான்?

இதற்கு நல்ல உதாரணம் டெல்லியின் திகார் சிறை. 1994-இல் அங்கே போன மருத்துவக் குழு, கைதிகளுக்கு ஆணுறை கொடுக்கலாம் என்று பரிந்துரை செய்தது. எய்ட்ஸ் பயம் உச்சத்தில் இருந்த நேரம். அப்போது திகாரின் ஐ.ஜி. கிரண் பேடி, பின்னாளில் புதுச்சேரி துணைநிலை ஆளுநராக இருந்த அதே அம்மாதான். கொடுத்தால் ஓரினச் சேர்க்கையை ஊக்குவித்தது போலாகும் என்று மறுத்துவிட்டார். அதை எதிர்த்து எய்ட்ஸ் பேத்பாவ் விரோதி ஆந்தோலன் என்ற அமைப்பு டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 377-ஐ ரத்து செய்யச் சொல்லி நம் நாட்டில் போடப்பட்ட முதல் வழக்கு அதுதான், ஒரு ஜெயிலுக்குள் ஆணுறை கொடுப்பதா வேண்டாமா என்ற சண்டையில் பிறந்தது. நிறைய பேர் இந்தப் போராட்டம் ஏதோ பெரிய ஓட்டல் பார்ட்டிகளில் ஆரம்பித்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த மனு 2001-இல் தள்ளுபடி ஆனது, அதே வருடம் நாஸ் பவுண்டேஷன் என்ற தொண்டு நிறுவனம் புது மனு போட்டு, 2009 ஜூலை 2-இல் ஜெயித்தது. தீர்ப்பெழுதிய இருவரில் ஏ.பி. ஷா அதற்கு முன் நம்ம ஹைகோர்ட்டில் தலைமை நீதிபதி, முரளிதர் வக்கீலாக ஆரம்பித்ததே சென்னையில். 2013-இல் உச்ச நீதிமன்றம் அதைக் கவிழ்த்தது, 2018-இல் நிமிர்த்தியது. நடுவில் உள்ள கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

அந்த 2009 தீர்ப்புக்குள்ளேயே நம்ம மாநில வழக்கு ஒன்று மேற்கோளாக வருகிறது. திருட்டு சந்தேகத்தில் பிடித்துக்கொண்டு போன ஒரு திருநங்கையை லாக்கப்பில் சொல்லக்கூசுகிற அளவுக்குப் பாலியல் சித்திரவதை செய்தார்கள், அவர் 2006 ஜூன் 12-ஆம் தேதி ஸ்டேஷனுக்குள்ளேயே தீக்குளித்தார், அந்த மாதக் கடைசியில் இறந்துபோனார். சென்னை உயர் நீதிமன்றம் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. இதற்கும் முன்னால் 1979-இல், திகார் கைதி சுனில் பத்ராவின் இரண்டாவது வழக்கு. சக கைதி ஒருவரிடம் பணம் பறிக்க ஒரு வார்டர் அவர் ஆசனவாயில் தடியைச் செருகினார் என்று திகாரிலிருந்து பத்ரா எழுதிய கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டார் நீதிபதி கிருஷ்ணய்யர். கைதியின் உடல் அரசாங்கத்தின் பொறுப்பு என்பதற்கு இன்றுவரை அந்தத் தீர்ப்புதான் அடிப்படை. இந்த இரண்டிலும் செய்தவர்கள் யாரும் தங்களை ஓரினச் சேர்க்கையாளர் என்று சொல்லிக்கொள்ள மாட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். சீருடை போட்டவர்கள், அதிகாரம் உள்ளவர்கள்.

இப்போது கசப்பான பகுதி. 377 போய்விட்டது என்று சந்தோஷப்பட்டோம். ஆனால் 2018 தீர்ப்பு அதை முழுதாக எடுக்கவில்லை, சம்மதம் இல்லாமல் நடப்பதற்கு அந்தப் பிரிவு உயிரோடு இருந்தது. ஆணை ஆண் பலவந்தப்படுத்தினால் போட இருந்த ஒரே பெரிய செக்‌ஷன் அது, ஆயுள் தண்டனை வரை போகும். புதுச் சட்டத்தில் அதையும் சேர்த்துத் தூக்கிவிட்டார்கள். பாலியல் வன்கொடுமைக்கான 63-ஆவது பிரிவு, ஆண் பெண்ணுக்குச் செய்வதை மட்டும்தான் சொல்கிறது. சிறை அதிகாரி செய்தால் கூடுதல் தண்டனை என்பதும் பெண் கைதி விஷயத்தில்தான். காவலில் பாலியல் வன்கொடுமை என்றால் மாஜிஸ்திரேட் விசாரணை கட்டாயம் என்ற விதியும் பெண் என்றே எழுதப்பட்டிருக்கிறது. இந்த ஓட்டையை அடையுங்கள் என்று பாராளுமன்ற நிலைக்குழு 2023 நவம்பரிலேயே சொன்னது. அரசு கேட்கவில்லை. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் இது பாராளுமன்றம் பார்க்க வேண்டியது என்று விட்டுவிட்டது. ஆக, 18 வயது தாண்டிய ஒரு பையனை புழலிலோ வேலூரிலோ நாலு பேர் சேர்ந்து நாசம் செய்தால், போலீஸ் எழுதப் போவது காயப்படுத்தியது, அடைத்து வைத்தது, மிரட்டியது. சாதாரண காயத்துக்கு அதிகபட்சம் ஒரு வருடம். பாதிக்கப்பட்டவர் திருநங்கையாக இருந்தால் 2019 திருநர் சட்டப்படி இரண்டு வருடம் வரை. 18-க்குக் கீழே என்றால் போக்சோ. நடுவில் நிற்கும் வயதுவந்த ஆணுக்கு ஒன்றும் இல்லை.

சட்டம் இப்படி இருக்கும்போது என்ன செய்வது? அவர் இருப்பது அநேகமாகப் புழல்-2, விசாரணைக் கைதிகளுக்கானது. அங்கே ஏரியா பகையைப் பார்த்துத்தான் பிளாக் பிரிப்பார்கள், எந்த கோஷ்டியிலும் சேராதவனுக்கு அரணும் இல்லை. 'ஒம்போது' என்று ஒருமுறை பெயர் விழுந்துவிட்டால் பிளாக் மாறினாலும் பெயர் கூடவே போகும். அதனால் தானாகப் போய் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். வெளியே பெருமையோடு சொல்லிக்கொள்வது வேறு. ஏற்கெனவே தெரிந்துவிட்டது, தொல்லை தொடங்கிவிட்டது என்றால் பிளாக் மாற்றம் கேட்டு எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். அப்போது கவனமாக இருக்க வேண்டியது, 'பாதுகாப்பு' என்ற பெயரில் தனி அறையில் போட்டுவிடுவது. அடித்தவன் வெளியே உலாத்துவான், அடி வாங்கியவன் பூட்டிய அறையில் இருப்பான். 2021 உத்தரவில் திருநங்கைகள், பாலின ஒழுங்குக்குள் அடங்காதவர்கள் ஆகியோரை ஆண் கைதிகளிடமிருந்து பிரித்து வைக்க வேண்டும் என்று சிறைத்துறைக்குச் சொல்லியிருக்கிறது, அது பிரித்து வைப்பது, தண்டிப்பது இல்லை. இன்னொன்று, மனமொத்த நெருக்கம்கூட உள்ளே பாதுகாப்பில்லை. சிறைச் சட்டத்தின் 45-ஆவது பிரிவில் 'ஒழுக்கக்கேடான நடத்தை' சிறைக் குற்றம். கோர்ட்டுக்குப் போகாமல் சூப்பிரண்டே எச்சரிக்கை முதல் தனிமை வரை கொடுக்கலாம். அதை அவரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

அசம்பாவிதம் ஏதாவது நடந்துவிட்டால் நேரம் முக்கியம். உடுத்திய துணியைத் துவைக்கக் கூடாது, குளிக்காமல் டாக்டரைப் பார்க்கக் கேட்க வேண்டும். எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்க 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்க வேண்டும், 28 நாள் சாப்பிட வேண்டும். முந்துகிற அளவுக்கு நல்லது. பழைய ஜெயில் ரோட்டில் இருக்கும் ஸ்டான்லிக்குத்தான் புழல் கைதிகளை அடிக்கடி கொண்டுவருவார்கள், அங்கே எச்.ஐ.வி. பரிசோதனைக்கான நம்பிக்கை மையம் இருக்கிறது. காவலில் இருப்பவருக்கு இந்தப் பரிசோதனையும் சிகிச்சையும் உரிமை என்று 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டமே சொல்கிறது, தயவு கேட்க வேண்டியதில்லை. புகாரை ரிமாண்ட் நீட்டிப்பு நாளில் மாஜிஸ்திரேட்டிடம் சொல்லலாம் என்பார்கள். ஆனால் அது இப்போது பெரும்பாலும் வீடியோவில் நடக்கிறது, பக்கத்தில் வார்டர் நிற்கும்போது எவன் சொல்வான். வக்கீல் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். விசாரணைக் கைதி தன் வக்கீலை வேறு யாரும் உடன் இல்லாமல் சந்திக்கலாம், அதுவும் அதே 40-ஆவது பிரிவில்தான் இருக்கிறது. அவர் சொன்னதை வைத்து வெளியே இருந்து மனு போடுவதுதான் வேலைக்கு ஆகும்.

கட்சிகள் பற்றிக் கேட்டீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். 2008-இல் மத்திய சுகாதார அமைச்சராக இருந்த அன்புமணி ராமதாஸ் 377 போக வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசினார், அதே அரசாங்கத்தின் உள்துறை கோர்ட்டில் அது இருக்க வேண்டும் என்று வாதாடியது. 2014 தேர்தல் அறிக்கையில் காங்கிரசும் மார்க்சிஸ்ட் கட்சியும் நீக்குவோம் என்றன. 2015-இல் 377 பற்றிய சசி தரூரின் தனிநபர் மசோதாவை மக்களவையில் அறிமுகம் செய்யக்கூட விடவில்லை, 71 பேர் எதிர்ப்பு, 24 பேர் ஆதரவு. 2018-இல் பா.ஜ.க. அரசு கோர்ட்டின் முடிவுக்கு விட்டுவிட்டது, கல்யாண வழக்கில் முழுமூச்சாக எதிர்த்தது. நம்ம ஊரில் தி.மு.க. 2008-இல் திருநங்கையர் நல வாரியம் அமைத்தது, அது நாட்டிலேயே முதல். தி.மு.க. எம்.பி. திருச்சி சிவாவின் திருநர் உரிமை மசோதா 2015-இல் மாநிலங்களவையில் நிறைவேறியது, 2025-இல் மாநிலத் திருநர் கொள்கையும் வந்தது. எல்லாம் நல்ல வேலைதான். ஆனால் ஆண்–ஆண், பெண்–பெண் ஜோடி என்று வந்தால் இரண்டு திராவிடக் கட்சிகளுமே தரையைப் பார்க்கின்றன. திருநங்கைக்கு வீட்டுமனைப் பட்டா கொடுத்தால் போட்டோ எடுக்கலாம், உங்கள் இருவருக்கும் ஏதாவது கொடுத்தால் ஓட்டுப் போய்விடுமோ என்ற கணக்கு. நீதிமன்றம் தள்ளத் தள்ளத்தான் இந்த வண்டி நகர்ந்திருக்கிறது.

ஒரே ஒரு விஷயம் உங்களுக்கு உடனே உதவலாம். 2024-இல் மத்திய உணவுத் துறை, சேர்ந்து வாழும் துணைகளை ரேஷன் கார்டில் ஒரே குடும்பமாகக் கருதலாம் என்று மாநிலங்களுக்குத் தெரிவித்தது, கூட்டு வங்கிக் கணக்குக்கும் தடையில்லை என்று நிதித்துறை தெளிவுபடுத்தியது. ரேஷன் கார்டு நடக்குமா என்பது ஆபீசரைப் பொறுத்தது, பேங்க் கணக்கு நிச்சயம் முடியும். அவர் வெளியே வந்ததும் அதைத் திறந்துவிடுங்கள். இரண்டு பெயரும் ஒரே முகவரியும் உள்ள பாஸ்புக் ஒன்று கையில் இருந்தால் அடுத்த முறை எந்த அலுவலகத்திலும் பேச்சு சுலபமாகும். வக்கீலுக்குக் காசு இல்லையென்றால் இலவச சட்ட உதவி எண்ணான 15100-க்கு அடியுங்கள். காவலில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு, ஹைகோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் நேரிலும் எழுதிக் கொடுக்கலாம். ரத்த சொந்த நிபந்தனையை நீக்கச் சொல்லும் மனுவை அந்த வக்கீலிடம் முதல் நாளே கேளுங்கள்.